நீ பித்தளை என்று சொன்ன பேட்ஜ்

என் பிரியமான அண்ணே,

உன் தலைத்திவசம் முடிந்துவிட்டது. வருகிற ஆயுத பூஜைக்கு உன் மோட்டார் சைக்கிளை உன் பெயிண்ட் கடை வாசலில் நிறுத்திக் கும்பிட வேண்டும் என்று மதினி ஆசைப்பட்டார். "அவுக இருக்கையில எப்படி நின்னுச்சோ, அப்படியே நிக்கணும் தம்பி" என்று வண்டியை என்னிடம் ஒப்படைத்தார். அந்த 'அப்படியே'யைத்தான் நான் காதில் வாங்கவில்லை.

எஞ்சினின் இரு பக்கமும் இருந்த பேட்ஜுகள் என் கண்ணை உறுத்தின. கம்பெனியின் பெயர் புடைத்து நிற்க, சுற்றியுள்ள பள்ளத்தில் மட்டும் சிவப்பு இருக்க வேண்டியவை. தோணிக்காரர்களுக்குப் பெயிண்ட் விற்ற நீ, ஆயுத பூஜைதோறும் கடையில் மிஞ்சிய நிறத்தை எழுத்தோடு சேர்த்து அப்பி வைத்திருந்தாய். பேட்ஜுகளைக் கழற்றி, பழைய பெயிண்ட்டை உரித்து, பள்ளத்தில் புதிதாகச் சிவப்பை நிரப்பி, எழுத்தின்மேல் பட்டதைத் துணியால் துடைத்தால் பெயர் மின்னும். நீ கெடுத்ததை நான் சரிசெய்ததாக இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அம்மாவைத் தகனம் செய்ய, மதுரையிலிருந்து நான் வரும் ரயிலுக்கு நீ காத்திருக்கவில்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு மாற்றலாகி இந்தத் தூத்துக்குடிக்கே வந்தும், ஒன்பது வருடம் உன் வாசலை மிதிக்கவில்லை. ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்கவும் இல்லை. இனி யாரிடம் கேட்பது?

இடது பேட்ஜைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டேன். நீலம், பச்சை, மஞ்சள் என்று தோல்தோலாக உரிந்து வந்தது. ஒவ்வொரு தோலும் ஓர் ஆயுத பூஜை. எதிலும் நான் இல்லை. ஊறட்டும் என்று விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய் வேதியியல் பாடம் நடத்தினேன். திரும்பி வந்தபோது சட்டியில் சாம்பல் நிறக் கசடு. பெயர் இல்லை. அரித்துப்போன தகடு கையில் எடுத்ததும் உடைந்தது.

மெக்கானிக் அந்தோணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார்வாள், இது அலுமினியம்லா? சோடாவுல போட்டா தின்னு தீத்துரும்லா! காலேஜில என்னத்தச் சொல்லிக் குடுக்கிய?"

வண்டி வாங்கிய அன்று, "அசல் பித்தளைலே, உரசிப் பாக்கியா?" என்று நீ பீற்றிக்கொண்டாய். பித்தளை தாங்கியிருக்கும். வாழ்நாளில் நீ சொன்ன எதையும் நம்பாதவன், அதை மட்டும் சோதிக்காமல் நம்பினேன். உனக்கே தெரியாதா அண்ணே? இல்லை, என் வாயை அடைக்கத்தான் சொன்னாயா?

மதினி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மத்த பக்கத்தத் தொட்டுராதிய தம்பி. அதுலயாவது அவுக கை இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

வேறு பேட்ஜ் தேடிப் பிடிக்கலாம் என்கிறார் அந்தோணி. வேண்டாம். வலது பக்கத்தைத் தொட மாட்டேன். இடது பக்கத்தில் திருகாணித் துளைகள் இரண்டும் வெறுமையாகவே இருக்கும். பூஜைக்கு வருகிறவர்கள், "அண்ணாச்சி வண்டில இந்தப் பக்கத்துப் பேரு எங்க?" என்று கேட்பார்கள். நான்தான் கரைத்தேன் என்று ஒவ்வொருவரிடமும் என் வாயால் சொல்வேன். இது வாக்கு. இதனால் எதுவும் நேராகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

கேட்க வேண்டியதைக் கேட்காமலே உன்னைப் போகவிட்ட
உன் ஒரே தம்பி,
சங்கரன்