விட்டுப்போன நான்காவது பதில்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நம் தெருமுனையில் புதிதாக ஒரு பேக்கரி வந்திருக்கிறது. இன்று காலை அதைக் கடக்கும்போது புளித்த மாவு வேகும் வாசனை வந்தது. கண்ணாடிக்குள் கறுப்பாக, செங்கல் போல ஒரு ரொட்டி. நம் பெண் ஜெர்மனியில் படித்தபோது எழுதுவாளே, அந்த ரொட்டி இதுதான் என்று நினைத்தேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. வாங்கி வந்தேன். நீ போய் நான்கு வருடமாகிறது. இதைச் சொல்ல வீட்டில் வேறு யாரும் இல்லை.

தொண்ணூற்றெட்டில் அவளுக்கு நான் எழுதிய கடிதங்களில் எண் போட்ட ஐந்து கேள்விகள் இருக்கும். உடம்பு, படிப்பு, சாப்பாடு, பேச்சுத்துணை, குளிர். "பொண்ணுக்கு லெட்டர் எழுதறீங்களா, டெண்டர் விடறீங்களா?" என்று சிரிப்பாய். அவளும் எண் போட்டே பதில் எழுதுவாள்.

நான் சத்தமாகப் படிக்க, நீ கீரை ஆய்ந்தபடி கேட்பாய். அவள் ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஒரே சமையலறை. ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. துணி துவைக்கும் மெஷினுக்கு முன்கூட்டியே தாளில் பெயர் எழுதிவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை மறந்தால் அந்தக் கறுப்பு ரொட்டிதான். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும்.

டிசம்பரில் ஒரு கடிதத்தைப் படித்து முடித்ததும் நீ தலை நிமிர்ந்தாய்.

"மூணு படிச்சீங்க, அஞ்சு படிச்சீங்க. நாலு எங்கங்க, பேச்சுத்துணை?"

"மறந்திருப்பா. பரீட்சை நேரம்."

"உங்க பொண்ணுங்க அவ. நம்பர விடுவாளா?"

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ஐஎஸ்டி பூத்துக்கு நடந்தாய். நான் பின்னால் வந்தேன். "லைன் சிக்கிச்சும்மா, பேசுங்க" என்றார் பூத்காரர். கூண்டுக்குள் நெருக்கி நின்றதில் அவள் குரல் எனக்கும் கேட்டது. தாளித்த வாசனைக்கு யாரோ முகம் சுளித்தார்களாம். அதிலிருந்து அறைக்குள்ளேயே ரொட்டி தின்கிறாள். யாரோடும் பேசிப் பத்து நாளாயிற்று.

"நான் வந்துடறேம்மா. படிப்பு வேணாம்."

நீ கேட்டாய்: "எதிர் ரூம்ல யாரு?"

"போலந்துப் பொண்ணு."

"போய் கதவத் தட்டு. ஒரு வெங்காயம் குடுன்னு கேளு."

"எங்கிட்டயே இருக்கும்மா."

"இருந்தா என்னடி? நான் பக்கத்து வீட்டுல ஒறமோர் கேக்கறதெல்லாம் நம்ம வீட்டுல இல்லாமயா? கேட்டுப் பாரு. அப்பவும் வரணும்னு தோணுச்சுன்னா வந்துடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அடுத்த கடிதத்தில் நான்காவது பதில் முக்கால் பக்கம் இருந்தது. வெங்காயம் கொடுத்தவள் அதை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்க வந்து, சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாளாம். நம் பெண் படிப்பை முடித்துவிட்டே திரும்பினாள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்த டிசம்பர் கடிதம் உனக்குப் படித்துக் காட்டியதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. நான் தனியாக ஒருமுறை படித்தேன். நான்கு இல்லாததைப் பார்த்தேன். கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயம். அதனால்தான் உனக்குப் படிக்கும்போது மூன்றிலிருந்து ஐந்துக்கு நிறுத்தாமல் போனேன். நீ கீரையில் கவனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

இப்போது அவள் போனில் "நல்லா இருக்கேம்பா" என்றால், "சரிம்மா" என்று வைத்துவிடுவதில்லை. "வேற?" என்கிறேன். சில நாள் அந்தப் பக்கம் பேச்சே வருவதில்லை. பயமாகத்தான் இருக்கிறது. காத்திருக்கிறேன்.