மூன்றாம் பக்கத் தலைப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பேப்பரில் நான் எழுதும் தலைப்புகளுக்கு என் பெயர் போடமாட்டார்கள். அப்பாவோ தினமும் செல்போனில் பேப்பரைப் பார்த்துவிட்டு, "மூணாம் பக்கத் தலைப்பு உன்னோடதுதானே? எனக்கா தெரியாது!" என்பார். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. நானும் "ஆமாம்பா" என்றே சொல்லிவந்தேன். மனுஷன் அதைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார், பாவம்.

அவர் நம்மை விட்டுப் போன அன்று காலையில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். முதல் தடவையாக, நான் எழுதிய தலைப்பையே சொல்லியிருந்தார். வேலை மும்முரத்தில், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று பதில் போடாமல் விட்டுவிட்டேன்.

பக்கத்தை முடிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அப்பா போனை மட்டும் அணைத்துவிடாதே அம்மா, சார்ஜ் போட்டு வை. ஒரு தடவையாவது பொய் இல்லாமல் "ஆமாம்பா" சொல்லிவிடுகிறேன்.

உன் சின்னவள்