சபுராவின் ‘சரி’

நவம்பர் 4, 2024

பழனி ஆஸ்பத்திரியிலிருந்து சபுராவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பக்கவாதம் அவளுடைய வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறது: சரி. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து நான் கேட்க ஏங்கிய சொல்.

நவம்பர் 6

டீ வேண்டுமா? சரி. குளிருதா? சரி. நான் யார்? சரி.

நவம்பர் 9

கல்லூரியில் கணினி கற்பித்தவன் நான். மனிதச் சிந்தனை என்பது கணக்குப் போடுவதுதான் என்று புத்தகமே எழுதியவன். உள்ளே ஒன்று போகிறது, வெளியே ஒன்று வருகிறது. நடுவில் ஆன்மா, ரூஹு என்று எதுவும் இல்லை. அச்சாகி வந்த அன்று சபுரா கேட்டாள்: “அப்ப எனக்கு வர்ற கோவமும் கணக்குதானாங்க? எங்க, கூட்டிச் சொல்லுங்க பாப்போம்!” அடுத்த பதிப்பில் பதில் எழுதுவதாக இருந்தேன். அடுத்த பதிப்பு வரவில்லை.

எதைக் கேட்டாலும் ஒரே விடை சொல்லும் இயந்திரத்துக்குள் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். நல்ல நடையில் வேறு.

நவம்பர் 10

“நான் செத்துப்போகட்டுமா?” என்று கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கக் கூடாது.

நவம்பர் 15

பழனியில் அவளுக்குக் கைப்பயிற்சி முடித்து, வீட்டுக்குத் திரும்பக் காரில் மலையேறினோம். வடகவுஞ்சிக்கு மேலே மேகம் ரோட்டில் இறங்கியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். யோசனையில் மறந்துவிட்டேன்.

“ஹாரன அடிங்க!”

சபுராதான். பிரேக்கை மிதித்தேன். மேகத்திலிருந்து ஒரு ஜீப் உரசுகிறாற்போல இறங்கிப் போனது. “ஏலே, தூக்கமா?” என்றது அதிலிருந்து ஒரு குரல்.

வண்டியை ஓரங்கட்டிச் சேதி சொன்னதும் மகள் ஆஃப்ரா போனிலேயே அழுதாள். “அம்மா திரும்பி வந்துட்டாங்க, அத்தா!”

வந்தது அம்மாவா? மேகம், வளைவு, மறதிக்காரப் புருஷன் — இவை உள்ளே போனால் வெளியே வரும் பழைய விடைதானே அது? இதே வளைவுகளில் எத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவள்! வீட்டுக்கு வந்ததும், “என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“சரி.”

நவம்பர் 17

பயமாயிருக்கு. அவ உள்ள இல்லேன்னா இத்தன நாளா நான் யாருக்குச் சோறு ஊட்டிட்டு இருக்கேன்?

நவம்பர் 20

இன்று ஒரு பரிசோதனை. அட்டுவம்பட்டியில், வீட்டுக்கு முந்தைய வளைவில் காரை நிறுத்தி, இறங்கிப்போய் எதிரே வண்டி இல்லை என்று பார்த்துவிட்டு வந்தேன். ஆராய்ச்சியாளன் கோழையாகவும் இருக்கலாம். பிறகு நடக்கிற வேகத்தில் திரும்பினேன். வேண்டுமென்றே ஹாரன் அடிக்கவில்லை. அதே வார்த்தை வந்தால் என் புத்தகம் ஜெயித்தது. ஜெயித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

வளைவு முடிந்தது. சத்தமே இல்லை. ‘சரி’ கூட இல்லை.

திரும்பினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னைய... சோதிக்கிறீங்களா?”

நவம்பர் 21

காலையிலிருந்து முகம் கொடுக்கவில்லை. டீ வேண்டுமா என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வீட்டுக்குள் நடமாட இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எனக்குப் பழகிய பயம்.