இரண்டு பெயருள்ள டப்பா

மாமா,

இன்று காலை கடையின் பெரிய டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. அழுத்தித் தேய்த்தால் பெயின்ட் உரிந்துவிடுமோ என்று பயம். மேலே ‘அஸ்கா’, கீழே ‘சீனி’. இரண்டும் உங்கள் கையெழுத்து.

கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள் என்னோடு பேசவே இல்லை. உங்கள் மகன் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில் நான் செக்கிங். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணை அவர் உங்களைக் கேட்காமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி என்பதால்தான் வேலம்பாளையத்து மளிகைக் கடையில் என்னை நிற்க விட்டீர்கள். அப்போதும், “அந்தப் புள்ளையப் பருப்பு எடுக்கச் சொல்லு” என்று அடுத்தவரிடம்தான் சொல்வீர்கள். எனக்கும் வீம்பு குறைச்சல் இல்லை.

முதல் வாரமே மானம் போனது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, “அரைக்கிலோ அஸ்கா போடுங்க” என்றார். அப்படி ஒரு பண்டத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

“அது தீந்துபோச்சுக்கா.”

என் முதுகுக்குப் பின்னால் டப்பா நிறையச் சர்க்கரை. அதைத்தான் இங்கே அஸ்கா என்கிறார்கள்; எங்கள் ஊரில் சீனி. “ஏனுங்க, மளிகைக் கடைக்காரர் ஊட்டு மருமகளுக்கு அஸ்கா தெரியலீங்களா?” என்று அவர் சிரிக்க, கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் என்னை விலக்கிவிட்டு நிறுத்துக் கொடுத்தீர்கள். சிரிப்பைவிட அதுதான் சுட்டது.

பட்டாளத்தில் இருந்தபோது, போரில் குண்டுச் சத்தத்தில் உங்கள் இடது காது போய்விட்டதாக அத்தை சொல்லியிருந்தார். தைரியமாக அந்தப் பக்கம் நின்று, “நான் எங்க ஊருக்கே போயிருதேன். இங்க என்னை யாருக்கு வேணும்?” என்று முணுமுணுத்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை மாமா. அன்றைக்கே பையில் துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தால், அதுவரை பெயரே இல்லாத டப்பாவில் ஈரம் காயாத பச்சைப் பெயின்டில் இரண்டு பெயர். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினீர்கள்.

“பட்டாளத்துல சேந்த புதுசு. பனிமலையில சீனாக்காரனோட சண்டை. எனக்கு இந்தி தெரியாது. சீனின்னா சீனாக்காரன், அது மட்டுந்தான் தெரியும். ஒரு நாள் டீ போடறவன் ‘சீனி, சீனி’ன்னு கத்தறான். நான் துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடுனேன். அவன் கேட்டது அஸ்கா! கேம்ப்பே சிரிச்சுது. நானும் ஊருக்கே ஓடிப்போயிரலாம்னுதான் இருந்தேன், அம்மிணி.”

அம்மிணி! வீட்டுப் பெண்ணை இந்த ஊரில் கூப்பிடுகிற சொல். அதற்காகத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

“நேத்து நான் சொன்னது கேட்டுச்சா மாமா?”

“அந்தக் காது பீரங்கிக்குத்தான் செவுடு.”

சிரித்துக்கொண்டே அழுதேன். பையில் இருந்த சேலைகளை அன்றே பீரோவில் அடுக்கினேன்.

அந்தப் போரைப் பற்றி நீங்கள் சொன்ன கதை அது ஒன்றுதான். கூடப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிக் கேட்டால், எழுந்து போய்ப் பருப்பு மூட்டையைப் பிரிப்பீர்கள்.

காய்ந்த டப்பாவை நான் உள்ளே எடுத்து வந்தபோது, பனியன் கம்பெனிக்குப் புதிதாக வந்த ஒடிசாப் பெண் ஒருத்தி, எதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாசலில் நின்றாள். அந்த நேரம் பார்த்து அதே பக்கத்து வீட்டு அக்கா, “அஸ்கா அரைக்கிலோ” என்றார். அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள்.

“அஸ்கா? அஸ்கா என் ஊரு அக்கா!”

அப்படி ஒரு ஊரே இருக்கிறதாம் மாமா. சர்க்கரை மில்லும் இருக்கிறதாம். எந்தக் காலத்திலோ அங்கிருந்து மூட்டை வந்து இறங்கி, ஊர்ப் பெயரே சர்க்கரைக்கு நிலைத்திருக்க வேண்டும். எது தெரியவில்லை என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்களோ, அந்தச் சொல்லும் என்னைப் போல வெளியூரிலிருந்து வந்ததுதான். உங்களிடம் சொல்லலாம் என்று வேகமாகத் திரும்பினேன். உங்கள் நாற்காலி காலியாக இருந்தது.

அவள் இன்னும் வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வா, அம்மிணி” என்றேன்.