பத்து எண்ணும்வரை

ஜூன் 9, திங்கள்

இனி எனக்குப் பம்பு வேலை இல்லை, குழந்தைகள்தான். உத்தரவு வந்துவிட்டது.

அரசுத் திட்டங்களை ஆய்வு செய்யும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் குடிநீர் பம்புகளைப் பார்த்தவன் நான். ஒரு நாளைக்கு நாற்பது. வண்டியை விட்டு இறங்காமலேயே ஆப்பரேட்டரிடம் "ஓடுதா?" என்பேன். "ஓடுது சார்" என்பார். எழுதிக்கொண்டு அடுத்த ஊர். பம்பு அறைக்குள் போனால் எண்ணெய்ப் பிசுக்கு, சட்டை கெடும். நான் கொடுத்த அறிக்கை ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அலுவலகத்தில் வேறு எவனும் இப்படி மார்தட்டிக்கொள்ள முடியாது.

ஏன் நான் என்று இயக்குநரிடம் கேட்டேன். "பசங்களைப் பாத்தா சிரிக்காத ஆள் வேணும். ஆபீஸே உங்க பேரைத்தான் சொல்லுது" என்றார். பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

விஷயம் இதுதான். மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஓர் அம்மையார் இரண்டு வருடம் உட்கார்ந்து புதுப் பாடத்திட்டம் எழுதியிருக்கிறார். கைப்பொம்மை, வண்ண மணி, தரைவிரிப்பு எல்லாம் உண்டு. ஏழு மழலையர் பள்ளிகள். மூன்றுக்குப் புதுப் பாடம், நான்கில் வழக்கம் போல. பள்ளிக்கு எட்டுக் குழந்தைகளை நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தனியாக உட்காரவைத்து முப்பது படம் காட்டி, முப்பது கேள்வி கேட்டு மதிப்பெண் போட வேண்டும். நவம்பரில் வித்தியாசம் தெரிந்தால் புதுப் பாடம் எல்லாப் பள்ளிக்கும் போகும். தெரியாவிட்டால் மூட்டை கட்டிவிடுவார்கள்.

கையேடு தடியாக இருக்கிறது. பாராட்டக் கூடாது. தலையாட்டக் கூடாது. "சரி, அடுத்தது" தவிர வேறு சொல் கூடாது. கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். குழந்தை முன்னாலேயே பதில் சொல்லிவிட்டாலும் பத்து முடியாமல் அடுத்த படத்துக்குப் போகக் கூடாதாம். பதிலை மாற்றிக்கொள்ள அதற்கு உரிமை உண்டாம்.

ஆப்பரேட்டருக்குக்கூட அந்த உரிமை கிடையாது.

ஜூன் 16, திங்கள்

முதல் பள்ளி. பழைய முறை. முப்பத்துநான்கு குழந்தைகள், ஒரு டீச்சர். எனக்கு ஒதுக்கியது ஸ்டோர் ரூம்: இரண்டு துடைப்பம், ஒரு உடைந்த எடை மெஷின், குழந்தைகள் உட்காரும் நாற்காலி இரண்டு. ஒன்றில் நான். முழங்கால் தாடையைத் தொட்டது.

முதல் குழந்தை அழுதது. இரண்டாவது என் ரப்பரைக் கடித்தது. மூன்றாவது ஒரு பெண், இந்த வெயிலில் கம்பளித் தொப்பி. கழற்ற மாட்டாளாம். முப்பது கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. முப்பது பத்து முந்நூறு. மடியில் விரல்களை மடக்கி மடக்கி முந்நூறு எண்ணிவிட்டுப் பூஜ்ஜியம் போட்டேன்.

"அவ பேச மாட்டா சார்" என்றார் டீச்சர். முன்பே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 30, திங்கள்

தொப்பி மறுபடியும் பூஜ்ஜியம். ஆனால் மழைப் படத்துக்கு, ஒன்பது எண்ணும்போது, வாயைத் திறந்தாள். பத்தில் மூடிக்கொண்டாள். பதினொன்றில் என்ன சொல்லியிருப்பாள்? கையேட்டில் பதினொன்று இல்லை.

ஜூலை 2, புதன்

ஏழாவது பள்ளிக்குப் போகும் சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். ஜூனில் ஒருமுறை போனதோடு சரி. இனி நவம்பரில் போனால் போதும் என்கிறார் இயக்குநர்.

ஜூலை 28, திங்கள்

தொப்பி பேசிவிட்டாள்!

"மழை பெய்தால் வெளியே போகும்போது என்ன எடுத்துப் போவோம்?" எட்டில் பதில் வந்தது. "எங்க வீட்ல குடை இல்ல. போக மாட்டோம்."

கையேட்டில் உள்ள விடை குடை அல்லது மழைக்கோட்டு. பூஜ்ஜியம்தான் போட்டேன். போட்டபின் கை கொஞ்சம் கூசியது. இதைவிடச் சரியான பதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம் — யாரைக் கேட்கிறேன்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் மனைவியிடம் பத்து விநாடி விதியைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "இருபது வருஷத்துல என்கிட்ட மூணு எண்ணியிருக்கீங்களா? கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே."

அபாண்டம். நிரூபிப்பதற்காக, "ஞாயிற்றுக்கிழமை உங்க அக்கா வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டுவிட்டு எண்ணினேன். ஏழில், "எதுக்கு இப்படி முறைக்கிறீங்க?" என்றாள்.

செப்டம்பர் 8, திங்கள்

என் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருகிறார்கள். ஸ்டோர் ரூமுக்கு யார் முதலில் என்று இன்று ஒரு தள்ளுமுள்ளு. என் எட்டுப் பேரில் இல்லாத இரண்டு பிள்ளைகளும் வரிசையில் நிற்கின்றன. நான் மிட்டாய் கொடுப்பதில்லை, சிரிப்பதில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நவம்பர் 24, திங்கள்

கணக்கு முடிந்தது. முப்பதுக்குச் சராசரி.

புதுப் பாடம் நடந்த மூன்று பள்ளிகள்: ஜூனில் பன்னிரண்டு, இப்போது இருபத்திரண்டு.
பழைய முறையில் மூன்று பள்ளிகள்: ஜூனில் பன்னிரண்டு, இப்போது இருபத்திரண்டு.
பழைய முறைதான், ஆனால் சாலை தோண்டிய ஏழாவது பள்ளி: பன்னிரண்டிலிருந்து பதினைந்து.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். எண்கள் அசையவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

பாடத்திட்ட அம்மையார் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "என் பாடத்தைத் திருடிட்டாங்க சார். அந்த மூணு ஸ்கூல் டீச்சரும் ரகசியமா நடத்துறாங்க. இல்லாட்டி எப்படி?"

நியாயமான சந்தேகம். நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

முதல் பள்ளியில் சொல்லாமல் போய் நின்றேன். திருட்டுக்கான தடயம் ஒன்றுமில்லை. கைப்பொம்மை இல்லை, மணி இல்லை. டீச்சர் எப்போதும் போல ஒன்று இரண்டு சொல்லவைத்தார், அப்புறம் தூங்கவைக்கப் பார்த்தார், யாரும் தூங்கவில்லை.

ஆனால் மூலையில் ஒரு விளையாட்டு. தொப்பி ஒரு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. எதிரில் ஒரு குட்டிப் பயல். பழைய காலண்டர் தாளைக் காட்டி ஏதோ கேட்டாள். பிறகு மடியில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பயல் யோசித்தான். ஆறாவது விரலில் ஏதோ சொன்னான். அவள் விடவில்லை, பத்தையும் மடக்கி முடித்தாள்.

"சரி. அடுத்தது."

"இதுக்குப் பேரு சார் விளையாட்டு" என்றார் டீச்சர். "ஜூலையிலிருந்து தினமும். நான் முப்பத்துநாலு பேரை வச்சுக்கிட்டு, கேட்டா நானே பதிலைச் சொல்லிட்டுப் போயிடறேன். வீட்லயும் அப்படித்தான். நீங்க ஒருத்தர்தான் சார் அதுங்க வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

நான் உம்மென்றுதான் இருப்பேனா?

டிசம்பர் 1, திங்கள்

ஆறு பள்ளிக்கும் பொதுவாகப் போனது நான் ஒருவன்தான். இடையில் நான் போகாத பள்ளி மட்டும் அவ்வளவாக ஏறவில்லை. அளக்கப் போனவனே மருந்தாகிவிட்டான். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக என் எண்கள் கெட்டுப்போயின, கெடுத்ததும் நானே.

இயக்குநரிடம் சொன்னேன். அவருக்கு வேறு யோசனை. "பழைய மூணையும் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க. ஏழாவதோட மட்டும் ஒப்பிட்டுக் காட்டுங்க. ஏழு மார்க் வித்தியாசம். அந்தம்மாவுக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்."

கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இருக்காது. அறிக்கை திரும்பியும் வராது. ஆனால் அந்த ஏழு மார்க் பாடத்தினுடையதா, என்னுடையதா? எனக்குத் தெரியாதே. தெரியாததைத் தெரியும்னு எப்படி எழுதறது? மனசு கேக்க மாட்டேங்குது.

டிசம்பர் 4, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். "புதுப் பாடத்திட்டம் பலன் தந்ததா என்பதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஆய்வாளர் குறுக்கே இருந்துவிட்டார்."

டிசம்பர் 15, திங்கள்

அறிக்கை திரும்பி வந்தது. முதல் முறை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி, வேறொன்றும் இல்லை. புதுப் பாடம் நிறுத்திவைப்பு. எனக்கு ஜனவரி முதல் மறுபடியும் பம்பு.

அம்மையார் என்னிடம் பேசவில்லை. போகும்போது என் மேஜையிலிருந்த கையேட்டை எடுத்து, பத்து விநாடிப் பக்கத்தை மட்டும் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இதையும் என் பாடத்துல சேர்ப்பேன். உங்க பேரைப் போட மாட்டேன்" என்றார். வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 19, வெள்ளி

ஸ்டோர் ரூம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தொப்பி வாசலிலேயே மறித்தாள். "இனிமே வர மாட்டீங்களா?"

என்ன சொல்வது? அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பத்தும் மடங்கின.

"சரி. அடுத்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பூஜ்ஜியம்.

ஜனவரி 12, திங்கள்

பம்பு. காலை முதல் ஊர். அதே ஆப்பரேட்டர், அதே பீடி.

"ஓடுதா?"

"ஓடுது சார்."

பேனாவைத் திறந்தேன். எழுதவில்லை. கை பழகிவிட்டது போலிருக்கிறது, மனதுக்குள் எண்ணிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். நான்கில் பீடியை அணைத்தார். ஆறில் செருப்பைப் பார்த்தார். எட்டில் சொன்னார்: "ஓடல சார். மூணு வருஷமாச்சு. பொம்பளைங்க அரை மணி நேரம் நடந்து போய்த்தான் தண்ணி கொண்டு வராங்க."

போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் 'ஓடுகிறது' என்று எழுதியவன் நான்தான். அந்த அறிக்கை திரும்பி வரவேயில்லை. வெட்கமாக இருந்தது.

"ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"நீங்க எங்க சார் நின்னீங்க?"

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். இன்று நாற்பது முடியவில்லை. நான்குதான் ஆயிற்று. அதில் மூன்று ஓடவில்லை. சட்டையெல்லாம் எண்ணெய்.