எட்டு மார்க்கு

ஜூலை 8, திங்கள்

கச்சான் காத்து, மேக்கேருந்து வீசுது. ஷட்டரைத் தூக்குறதுக்குள்ள கண்ணு, மூக்கு எல்லாம் மண்ணு. வாசல்ல சர்வீசுக்கு வந்த போட் எஞ்சின் வரிசையா கிடக்கு.

ஹெட் ஆபீஸ் மெயில். கஸ்டமர்ட்ட போன்ல கேட்டு வாங்கின போன மாச மார்க்கு. கடற்கரை சர்வீஸ் சென்டர்லயே நாமதான் கடைசி. கடைசி! இந்த மாசமும் இப்படின்னா சர்வீஸ் உரிமையை எடுத்து ராமநாதபுரத்துக்குக் குடுத்துருவாங்களாம். அப்புறம் நாம வெறும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மெக்கானிக் அந்தோணி அண்ணனுக்கு வேலை இல்ல. 'கஸ்டமர் கேர்'னு போர்டு வச்சு உக்காந்திருக்கிற எனக்கும் இல்ல.

முதலாளி அண்ணாச்சி மெயிலை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாரு. டீ வேண்டாம்னுட்டாரு. அவரு டீயை வேண்டாம்னு சொல்லி இன்னைக்குத்தான் பாக்கேன்.

அந்தோணி அண்ணன் (பேரு நீளம், இனி அ.அ.) தொட்ட எஞ்சின் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகும். அப்புறம் எப்படிக் கடைசி? வயித்தெரிச்சல்.

வாங்கணும்: உளுந்து, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், குடைக்குக் கம்பி.

ஜூலை 9, செவ்வாய்

ஹெட் ஆபீஸ்ல மார்க்கு கேக்குற பொண்ணுக்கே போன் போட்டேன். நல்ல பிள்ளை. வாசிச்சுக் காட்டிச்சு. எட்டு. எட்டு. எட்டு. எட்டு. "ஒன்பதும் பத்தும்தான் மேடம் திருப்தி. எட்டு எங்க கணக்குல வராது."

லூர்து அண்ணன் எட்டு! எஞ்சின் நல்லா இருக்குன்னு போன மாசம் சீலா மீன் கொண்டாந்து குடுத்த மனுசன்!

ஒரே ஒரு பத்து. சேவியர் அண்ணன். அவருக்குத்தான் நாம தப்பான பிளக்கைப் போட்டுவிட்டு, எஞ்சின் நடுக்கடல்ல நின்னு, இன்னொரு போட்ல கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. அவரு பத்து! உலகம் தலைகீழா கிடக்கு.

ஜூலை 11, வியாழன்

லூர்து அண்ணன் ஆயில் வாங்க வந்தாரு. விடுவேனா.

"எதுக்கண்ணே எட்டு போட்டிய?"

சுத்திமுத்தும் பாத்துட்டுக் குரலைத் தாழ்த்துதாரு. "ஏளா, எஞ்சின் பூ மாதிரி ஓடுது. அதை ஊரு பேரு தெரியாத பிள்ளைட்ட பத்துக்குப் பத்துன்னு வாய்விட்டுச் சொல்லவா? கண்ணு பட்டுராதா? புது வலையைப் பாத்து ஒருத்தன் ஆகா ஓகோன்னான். மறுநாளே பாறையில மாட்டிக் கிழிஞ்சு போச்சு. அதான் ரெண்டைக் குறைச்சேன். எல்லாவனும் அப்படித்தான்."

"அப்போ சேவியர் அண்ணன்?"

"அவன் எஞ்சின்ல கண்ணு பட என்ன இருக்கு? அந்தோணிக்கு வேலை போயிரப்படாதுன்னு பாவம் பாத்துப் போட்டான்."

சிரிச்சுச் சிரிச்சு ஸ்டூல்லேருந்து விழப் போனேன். அவரு போன பிறகு சிரிப்பு நின்னு போச்சு. கஸ்டமர்ட்ட நாமளே மார்க்கு கேட்டு வாங்கப்படாது, அப்படிக் கேட்டா உரிமை உடனே ரத்து. மெயில்ல தடிச்ச எழுத்துல இருக்கு. வேலையைக் கெடுத்தாத்தான் பத்து கிடைக்கும்போலன்னு அ.அ. கிட்டச் சொன்னேன். ஸ்பேனரைத் தூக்கிட்டு வாராரு.

கண்ணாம் கண்ணு. நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை நான், கண்ணு திருஷ்டின்னு எங்க வேதக்கார வீட்ல பேசவே படாது. எனக்கு வந்த சோதனையைப் பாரு.

ஜூலை 13, சனி

காத்து கொஞ்சம் அடங்கிருக்கு. லூர்து அண்ணன் வீட்டு மைனி கைப்பிள்ளையோட வந்தாவ. என்ன அழகுங்க அது! கன்னத்துல இட்லி சைசுக்குக் கறுப்புப் பொட்டு. நான் கொஞ்சத் தயங்கினேன். "பொட்டு வச்சாச்சுல்லா, தைரியமா கொஞ்சு"ன்னாவ.

அம்புட்டுதான். மண்டையில பல்பு எரிஞ்சுது.

எஞ்சின் மூடியில ஒரு பொட்டு. யார்ட்டயும் மார்க்கு கேக்கல, ஒரு பேச்சுப் பேசல. பொட்டு, அவ்வளவுதான்.

அ.அ. குதிக்காரு. "துடைச்சுத் துடைச்சுப் பளபளன்னு வச்சிருக்கேன், அதுல கரியைப் பூசச் சொல்லுத! உனக்கென்ன கிறுக்கா?" சண்டை. கோவிச்சுட்டு வெளிய போனாரு. திரும்பி வந்தாரு. கட்டைவிரலை கிரீஸ்ல முக்கி, மூடியோட ஓரத்துல அவரே வச்சாரு. கோணலா இருக்குன்னு துடைச்சுட்டு மறுபடி வச்சாரு. அண்ணாச்சி தூரத்துலேருந்து பாத்தாரு. டீ கேட்டாரு!

அம்மாட்ட இதைப் பத்தி மூச்சு விடப்படாது. தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை முழுக்க எனக்காக ஜெபம்தான்.

ஜூலை 19, வெள்ளி

ஊரெல்லாம் பரவிட்டு. எஞ்சினை எடுக்க வாரவங்க முதல்ல பொட்டைத்தான் தேடுதாங்க. ஒருத்தரு பாதி வழியிலேருந்து திரும்பி வந்துட்டாரு. "தண்ணி பட்டு அழிஞ்சு போச்சு, இன்னொண்ணு வச்சு விடு." இனி கிரீஸ் சரிப்படாது. கறுப்புப் பெயிண்ட் வாங்கணும். உளுந்து இன்னும் வாங்கல, அம்மா வசவு.

மத்தியானம் அந்த ஹெட் ஆபீஸ் பொண்ணு. "மேடம், உங்க ஊர்ல எல்லாரும் 'பொட்டு இருக்கு'ன்னு சொல்லிட்டுத்தான் மார்க்கே சொல்றாங்க. அது என்ன சர்வீஸ்? எங்க லிஸ்ட்ல இல்லையே!"

"கூடுதல் சர்வீஸ்னு போட்டுக்கோம்மா."

போனை வச்சுட்டு நானும் அ.அ.வும் சிரிச்ச சிரிப்புல எதுத்த கடைக்காரன் எட்டிப் பாத்தான். மார்க்கு என்னன்னு அந்தப் பிள்ளை சொல்லல. நானும் கேக்கல. பயம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில மெயில். ஸ்கிரீனை அண்ணாச்சி பக்கம் திருப்பிட்டேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி அவரே வாசிச்சாரு. அ.அ. உள்ளே வரல, வாசல்ல குனிஞ்சு ஏற்கெனவே மாட்டின போல்ட்டையே முறுக்கிட்டு நின்னாரு.

"ஏலே அந்தோணி! இங்கன வாலே! சர்வீஸ் நம்மகிட்டதாம்லே!"

அண்ணாச்சி கத்தினதுல காக்கா பறந்துது. எல்லாருக்கும் மக்ரூன். அ.அ. அழுதாரு. கிரீஸ் கையால கண்ணைத் துடைச்சதுல மூஞ்சி பூரா கறுப்பு. "உங்களுக்கும் பொட்டு வச்சாச்சுண்ணே"ன்னேன். சொல்லிட்டு நானும் அழுதேன். வேலை இருக்கு. அவருக்கும் இருக்கு. இதைவிட என்ன வேணும், ஆண்டவரே.

உளுந்து வாங்கிட்டேன்.

மார்க்கை எழுதி வைக்கலாம்னுதான் இதைத் திறந்தேன். நம்ம கடைக்கு இதுவரை வராத மார்க்கு. பேனாவைத் தாள்ல வச்சேன், எடுத்துட்டேன். இதை யாரு படிக்கப் போறா? இருந்தாலும் வேண்டாம்.

ஏதோ, சுமாரான மார்க்குதான்.