அட்டையின் பின்பக்கம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் பார்த்தது சமையலறைச் சுவரில் இருந்த எண்ணெய்க் கறையைத்தான், இத்தனை நாளாக இது இருப்பதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று என்னைக் குற்றவாளியைப் போலக் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் உன் மாமாதான். சொட்டு மருந்து விட எனக்குக் கை நடுங்குகிறது என்று, காலையும் மாலையும் அவனே வந்து தன் அக்காவின் கண்ணில் விட்டுப் போகிறான். இதை முதலிலேயே ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். இவ்வளவையும் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். தொலைபேசியில் நீ வேகமாகப் பேசுவாய், நான் சரி சரி என்று மட்டும் சொல்லி, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். எனக்குக் கோபம் வந்திருக்கிறது மகளே. கோபப்பட்டுப் பழக்கமில்லாததால் எப்படி எழுதுவதென்று தெரியாமல் முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்தேன், படித்துப் பார்த்தால் விடுமுறை விண்ணப்பம் போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இப்போது மையில் எழுதுகிறேன்.

திவாலாகிவிட்ட உங்கள் விமானக் கம்பெனியை எங்கள் கம்பெனியோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு எங்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா, ஒரு பயணி சொல்லித்தான். கவுன்ட்டரில் பெட்டியை எடை போட வைத்துக்கொண்டே அவர், இனிமேல் உங்கள் விமானத்திலும் அவர்களுடையதைப் போல முழங்கால் இடிக்குமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் கவுன்ட்டர் மேற்பார்வையாளர் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, அந்தப் பயணி தன் கைபேசியில் வந்த செய்தியைக் காட்டிய பிறகுதான் புரிந்தது. மறுநாள்தான் அறிவிப்புப் பலகையில் நிர்வாகத்தின் சுற்றறிக்கை வந்தது. இது இரண்டு குடும்பங்கள் இணையும் கல்யாணம் என்று எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளையையும் கேட்கவில்லை, பெண்ணையும் கேட்கவில்லை, கல்யாணமாம். கூடவே ஒரு வரி, யாரும் கவனிக்கக் கூடாதென்றே கடைசியில் போட்டது போல இருந்தது: உங்கள் கம்பெனியை இவ்வளவு நாள் நடத்திய தலைவர், அதாவது அதைக் கவிழ்த்தவர், அவருடைய அனுபவத்தை மதித்துப் புதிய நிர்வாகக் குழுவில் துணைத் தலைவராக அமர்வார். உன் மாமா சுற்றறிக்கையை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு, "மூழ்கின கப்பலைக் கட்டி இழுக்கச் சொல்றாங்க, கயிறு மட்டும் நம்ம கழுத்துல" என்றான். பெட்டி ஏற்றும் பிரிவில் அவனுக்குச் சைரன் என்று பெயர், என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல் அல்லவா. எனக்கு வைத்திருக்கும் பெயர் அழிரப்பர், டியூட்டி சார்ட்டைப் பென்சிலில் போட்டு யார் வந்து முகத்தைச் சுளித்தாலும் அழித்து மாற்றிக் கொடுப்பதால். பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை.

நம் தொழிலில் வேலைக்குச் சேர்ந்த தேதிதான் எல்லாம் என்பது நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. காலை ஷிப்ட் யாருக்கு, பள்ளி விடுமுறையில் லீவு யாருக்கு, ஆள் குறைத்தால் முதலில் வீட்டுக்குப் போவது யார், எல்லாம் அந்தத் தேதியைப் பார்த்துத்தான். இரண்டு கம்பெனியும் ஒன்றானால் இரண்டு வரிசையும் ஒன்றாக வேண்டும். உங்கள் கம்பெனி பழையது, உங்கள் ஆட்களின் தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால் மாமாவும் அவன் பிரிவில் பாதிப் பேரும் வரிசையின் வாலுக்குப் போய்விடுவார்கள். தேதியைக் கணக்கில் எடுக்காவிட்டால் அங்கே பதினோரு வருடம் உழைத்த நீ, இங்கே போன மாதம் சேர்ந்த பெண்ணுக்குக் கீழே நிற்பாய். வால் பக்கம் வெட்டப் போகிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆக ஒன்று உன் வேலை, இல்லாவிட்டால் உன் மாமாவின் வேலை. நான் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவன், எனக்கு எதுவும் போகாது, அதனாலேயே எனக்கு வாய் திறக்க உரிமை உண்டா என்று யோசித்து யோசித்தே பாதி நாள் போயிற்று.

இணைப்பை எதிர்த்து முதலில் கறுப்புப் பட்டை கட்டுவது என்று எங்கள் தொழிற்சங்கத்தில் முடிவு செய்தார்கள். விமான நிலையத்தில் சீருடையில் இருக்கிற அத்தனை பேரும் கறுப்புப் பட்டை கட்டி நின்றால் பயணிகள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. சொல்வதற்குக் கையைப் பாதி தூக்கினேன். காற்று அதிகமாக இருக்கிறது போலும் என்று சங்கத் தலைவர் எழுந்து மின்விசிறியைக் குறைத்துவிட்டார், நானும் நன்றி சொல்லிக் கையை இறக்கிக்கொண்டேன். மறுநாள் காலை முதல் விமானத்துக்கு வந்த ஒரு வயதான அம்மாள் கவுன்ட்டரில் பட்டையைப் பார்த்ததும் பயணச்சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "எந்த விமானம்மா விழுந்தது, எத்தனை பேரு?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் அது பரவிவிட்டது. ஒரு குடும்பம் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டது, ஒருவர் வேறு ஊரிலிருந்து ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த தம்பிக்குப் போன் போட்டுப் போட்டு அழுதார். மேற்பார்வையாளர் பெண் மேசைமேல் ஏறாத குறையாக, "யாரும் சாகல, எங்க வேலைதான் சாகப் போகுது" என்று கத்த, அந்த வயதான அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உனக்கு வேறு நல்ல வேலை கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னாராம். மத்தியானத்துக்குள் நிர்வாகமே பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டது. சிரிப்பு வருகிறதா, எனக்கும் வந்தது. ஆனால் பாதி தூக்கிய என் கையை நினைத்தால் எரிச்சலும் வந்தது, முழுதாகத் தூக்கியிருக்கலாம்.

அவமானத்தில் எல்லோருக்கும் கோபம் இரட்டிப்பானது. அடுத்த கூட்டம் கேன்டீனில் நடந்தது, உட்கார இடமில்லாமல் காபி இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டும் நின்றார்கள். செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை எழுதியவன் நான், அதை எழுந்து நின்று வாசிக்க வேண்டியவனும் நான். சம்பளத்தைக் குறைக்கக் கூடாது, யாரையும் நீக்கக் கூடாது என்று இரண்டு கோரிக்கைகள்தான் நான் எழுதியது. வாசிக்கும்போதுதான் பார்க்கிறேன், கீழே சங்கத் தலைவர் தன் கையால் மூன்றாவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்: திவாலான கம்பெனியின் ஆட்கள் அங்கே எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும், இங்கே கடைசியாகச் சேர்ந்தவருக்கும் கீழேதான் வைக்கப்பட வேண்டும். முதல் இரண்டுக்கும் கைதட்டல் கூரையைத் தொட்டது. மூன்றாவதில் நிறுத்திவிட்டேன். கண்ணாடியைத் துடைச்சுக்குங்க அத்தான் என்று பின்னாலிருந்து உன் மாமா குரல் கொடுத்தான். கண்ணாடி சரியாத்தான் இருக்கு, இதை நான் வாசிக்க மாட்டேன் என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மேற்பார்வையாளர் பெண் நேராகக் கேட்டாள், "உங்க பொண்ணு அந்தக் கம்பெனியில இருக்கா, அதனாலதானே சார்?" நியாயம், தொழிலாளர் ஒற்றுமை, அவர்களும் நம்மைப் போலத்தான் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம், வீட்டுக்கு வருகிற வழியில் ஏழெட்டு நல்ல பதில்கள் தோன்றின. அப்போது எனக்கு வந்தது ஒன்றுதான். "ஆமா," என்றேன். யாரோ சிரித்தார்கள், யாரோ உச்சுக்கொட்டினார்கள். தலைவர் தாளை என் கையிலிருந்து வாங்கி அவரே வாசித்தார், எல்லாக் கைகளும் உயர்ந்தன, உன் மாமாவின் கையும் உயர்ந்தது. நான் என் நாற்காலியை மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் மாமா எனக்காகக் காத்திருந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். கைபேசியில் ஒரு படத்தை எடுத்து என் முன்னால் நீட்டினான். அதில் நீ. உங்கள் விமான நிலையத்து வாசலில், சீருடையோடு, முன்வரிசையில், கையில் ஒரு அட்டை: நேற்று முளைத்தவர்களுக்குக் கீழே நாங்களா? நீயாக இருக்காது, யாரோ உன் கையில் திணித்திருப்பார்கள் என்றேன். "அவ எழுத்து எனக்குத் தெரியாதா அத்தான், என் கல்யாணத்துக்கு வரவேற்புப் பலகை எழுதினவ யாரு?" என்றான். பிறகு, "இது ரெண்டு நாளா என்கிட்ட இருக்கு. உள்ள காட்டியிருந்தா உங்களால அந்த ஆமாவைச் சொல்லியிருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தான். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வழக்கம்போல அம்மாவின் கண்ணில் மருந்து விட்டான். ஏன்டா ஊமையாட்டம் இருக்கே என்று அவள் கேட்டதற்கு, கூட்டத்தில் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்றான். அவன் அன்று கத்தவே இல்லை.

இப்போது சொல்கிறேன், எனக்குக் கோபம் உன் மேல். நேற்று முளைத்தவன் என்று நீ எழுதினாயே அது யார்? இரண்டே விமானங்களோடு இந்தக் கம்பெனி தொடங்கிய நாளில் சேர்ந்த உன் அப்பா. நீ படித்த படிப்பு அந்த நேற்றில்தான் வந்தது. வெயிலிலும் மழையிலும் பெட்டி தூக்கி முதுகு போன உன் மாமாவும் அந்த நேற்றுதான். கேன்டீன் நிறைய ஆட்கள் பார்க்க உனக்காக நான் அசடனாக நின்றேன், அதற்கு முன்பே நீ எங்கள் தலைமேல் ஏறி நிற்க இடம் கேட்டுவிட்டாய். சம்பளம் வந்து எத்தனையோ மாதமாயிற்று, வாடகைக்குத் தோழியிடம் கைநீட்டுகிறாய், அந்த வயிற்றெரிச்சலில் எழுதியிருப்பாய் என்று அம்மாவின் குரலில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருக்கட்டும். கோபம் தணியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் தீர்மானத்தின் மூன்றாவது கோரிக்கையையும் உன் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அந்தத் துணைத் தலைவர் இல்லை. உங்கள் கம்பெனியைக் கவிழ்த்தவருக்கு எந்தத் தேதியும் பார்க்கவில்லை, யாருக்குக் கீழே என்றும் கேட்கவில்லை, நேரே மேலே நாற்காலி போட்டுவிட்டார்கள். நாம் கீழே ஒருவர் காலை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை நிர்வாகத்தினர் கேன்டீனுக்கு வந்து எங்களோடு பேசப் போகிறார்கள், அவரும் வருகிறாராம். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்: ஆள் குறைப்பை அவரிடமிருந்து தொடங்கினால் என்ன? குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிறேன், நேற்று கடைசி வார்த்தை வரை வந்துவிட்டது. கை பாதியில் நின்றுவிடுமோ என்ற பயம் இல்லாமலில்லை. உன் மாமாவிடம் சொன்னேன், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் என் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் உன் மாமாவைக் கூப்பிட்டுப் பேசு. என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம். சாப்பாட்டை மிச்சம் பிடிக்காதே, கழுத்து வலிக்குத் தலையணையை மாற்று என்று அம்மா சொல்லச் சொன்னாள். எங்கள் இரண்டு பேருடைய வாழ்த்தும் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும், நான் கோபமாக இருக்கிற இந்த வாரத்திலும். நீ பிடித்திருந்த அந்த அட்டையைத் தூக்கி எறிந்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், எதையும் வீணாக்க மாட்டாய். அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை அதைத் திருப்பிப் பிடி, என்ன எழுத வேண்டும் என்பதை, அந்த ஒரே ஒரு கேள்வியை, மேலே எழுதியிருக்கிறேன்.

கோபம் தீராத, ஆனாலும்
உன் அன்புள்ள அப்பா.

அம்மாவுக்கு அந்தப் படத்தை நான் இன்னும் காட்டவில்லை. இப்போது அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அடுத்த படம் வரட்டும், அதைக் காட்டிக்கொள்கிறேன்.